துடைப்பதற்கு முன்

என் அக்கா பத்தொன்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் கழிப்பறைகளைக் கழுவினாள். வேலை முடிந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். அப்படியும் பினாயில் வாசனை போகாது. நான் முகம் சுளித்தால், "உனக்கென்னடி, ஆபீஸ் மூக்கு" என்பாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் எட்டாவதோடு நின்றவள். நான் கல்லூரி முடித்து, குடிநீர் வாரியத்தில் குமாஸ்தா. ஆனால் எங்கள் இருவரில் கவனமாகப் படித்தவள் அவள்தான்.

அவள் போய் ஏழு வாரம் ஆகிறது.

பள்ளியில் பிள்ளைகள் அவளை வாளியக்கா என்று கூப்பிட்டார்கள். காலை ஆறரைக்கு உள்ளே போவாள். பையன்கள் பக்கம் ஏழு கதவு, பெண்கள் பக்கம் ஒன்பது. தரைக்கு ஆசிட், சுவருக்குச் சோப்புத்தூள், கதவில் மார்க்கரால் கிறுக்கியிருந்தால் மண்ணெண்ணெயில் தோய்த்த துணி. காம்பஸ் முனையால் கீறியதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதைத் தன் தோல்வியாகவே எடுத்துக்கொள்வாள். எட்டு மணிக்கு முதல் பையன் ஓடிவரும்போது பதினாறு கதவும் வெறுமையாக இருக்க வேண்டும். அதில் அவளுக்கு ஒரு கௌரவம்.

"கணக்கு வாத்தியாருக்குக் கொம்பு வரைஞ்சிருக்கான்டி. மீசையை விட்டுட்டான். ரெண்டு மார்க் குறைச்சிட்டுத்தான் அழிச்சேன்" என்று சாப்பிடும்போது சொல்வாள். நான் சிரிப்பேன். அந்தக் கதவுகள் எங்களுக்கு வெறும் சிரிப்பாக இருந்த காலம் அது.

ஒரு திங்கட்கிழமை, பையன்கள் பக்கம் மூன்றாவது கதவில் கறுப்பு மார்க்கரில் "31. வெள்ளி" என்று எழுதியிருந்தது. துடைத்தாள். செவ்வாய் காலை அதே இடத்தில் அதே எழுத்து. துடைத்தாள். புதனன்று இன்னும் பெரிதாக. "எவனோ என்கூட மல்லுக்கு நிக்கிறான். பார்த்துடலாம், அவன் மையா என் துணியான்னு" என்றாள் என்னிடம். வியாழக்கிழமை பத்து நிமிடம் அழுத்தித் தேய்த்தாள். கதவு புதுசுபோல ஆயிற்று. அன்று சாயங்காலம் ஜெயித்தவள்போல வீட்டுக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை ஐந்து பேர் சேர்ந்து பெல்ட்டால் அடித்தார்கள். குழாயடியில் அவன் முகத்தைக் கழுவிவிட்டவள் அக்காதான். பக்கத்தில் அவன் கூட்டாளி அழுதுகொண்டே கூப்பிட்டான்: "முப்பத்தொண்ணு, கண்ணைத் திறடா! டேய் முப்பத்தொண்ணு!"

வருகைப் பதிவேட்டில் அவன் எண் அது. அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எண்ணால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அக்கா தினமும் கேட்கிற விஷயம். கதவில் பார்த்தபோது மட்டும் அவளுக்கு அது அழுக்காகத் தெரிந்தது.

அவனுக்கு இடது காது கேட்காமல் போயிற்று.

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. முன்கூட்டியே யாருக்காவது தெரியுமா என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். "எல்லாருக்கும் தெரியும் சார். கதவுல எழுதியிருந்துச்சே" என்றான் ஒருவன். ஹெட்மாஸ்டர் நேரே வந்து மூன்றாவது கதவைப் பார்த்தார். அது பளபளவென்று இருந்தது. "என்னடா கதை விடுறீங்க? சுத்தமா இருக்கே" என்றார். அக்கா வாளியோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டில் கை வைத்தவள் பாதியில் எழுந்து வாசல்வரை போய் வருவாள். அடுப்பை அணைத்தாயா என்று மூன்று தடவை கேட்பாள். துணி மடிக்கும்போது ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மடிப்பாள். பத்து நாள் கழித்து, காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாலு நாள்டி. நாலு நாளும் எவனோ எழுதிச் சொல்லியிருக்கான். நாலு நாளும் நானே அழிச்சேன்."

"உன் வேலை அதுதானேக்கா."

"அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிறேன். ஒட்டமாட்டேங்குது."

மறுநாள் என்னிடம் ஒரு நோட்டுக் கேட்டாள். அலுவலகத்தில் பாதி எழுதிப் போட்டிருந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதிலிருந்து ஒரு புதிய முறை ஆரம்பித்தது. துடைப்பதற்கு முன் ஒவ்வொரு கதவையும் படிப்பாள். படித்ததை அப்படியே எழுதிக்கொள்வாள். எந்தக் கதவு, தரையிலிருந்து எவ்வளவு உயரம், பேனாவா மார்க்கரா பென்சிலா, எல்லாம் இருக்கும். நெஞ்சு உயரத்தில் எழுதுகிறவன் மற்றவர்கள் பார்க்க எழுதுகிறான், தரையோரம் எழுதுகிறவன் உட்கார்ந்து அழுதுகொண்டே எழுதுகிறான் என்பது அவள் கண்டுபிடிப்பு. அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவாள்.

வாசலில் வாட்ச்மேன் வம்புக்கு இழுப்பார். "என்ன வாளியக்கா, நோட்டும் கையுமா? பரீட்சை எழுதப் போறீங்களா?"

"ஆமா. பாஸாயிட்டா உன் ஸ்டூல் எனக்குத்தான். இப்பவே வேற இடம் பார்த்துக்கோ."

நோட்டில் முக்கால்வாசி காதல். மிச்சத்தில் பாதி கெட்ட வார்த்தை. அதையும் விடாமல் எழுதி, பக்கத்தில் "சும்மா" என்று குறித்திருப்பாள். அடுத்த வருடம் ஆகஸ்டில் பையன்கள் பக்கம் ஐந்தாவது கதவு வருகிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பென்சில். "என்னை விடுங்கடா." பக்கத்தில் அக்கா எழுதியிருக்கிறாள்: "சும்மா இல்லை. புள்ளி வைத்த இடமெல்லாம் குழி." அந்தப் பையன் ஒவ்வொரு புள்ளியையும் பலகையில் பள்ளம் விழும்படி குத்தியிருந்தான். மூன்று நாள் கழித்து அதே கதவு, அதே குழி: "தினமும் நாலு பேர்." பிறகு: "நாளைக்கு வரமாட்டேன்." பிறகு: "வந்துட்டேன்."

அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் போனாள்.

"பேர் இருக்காம்மா?"

"இல்லைங்க சார்."

"எண்ணூறு பசங்க. பேரில்லாம நான் யாரைப் போய்ப் பிடிக்கிறது? நீங்க இதையெல்லாம் படிச்சிட்டு உட்கார்ந்திருந்தா எப்பம்மா கழுவுவீங்க?"

இரண்டாம் முறை போனாள். அவர் போனில் இருந்தார். கையை அசைத்துப் போகச் சொன்னார். அதன்பிறகு அந்தப் பென்சில் எழுத்து கதவில் வரவே இல்லை. நல்லதுதானே என்றேன். "வாயை மூடிக்கிட்டான்னா நல்லதுன்னு எப்படிடி சொல்ற?" என்று என்மேல் பாய்ந்தாள். இடைவேளையில் துடைப்பத்தோடு மைதான ஓரமாகச் சுற்றுவாள். தனியாக நிற்கிற ஒவ்வொரு பையனையும் உற்றுப் பார்ப்பாள். "பசங்க என்னைப் பார்த்துத் தெறிச்சு ஓடுறாங்க. பேய்னு நினைச்சிட்டாங்க போல" என்று ஒருநாள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை அந்த எழுத்து திரும்பி வந்தது. அதே ஐந்தாவது கதவு. இம்முறை மார்க்கர். நெஞ்சு உயரம்.

"செவ்வாய். நாலு பேரும். கத்தி இருக்கு."

புள்ளிகள் எல்லாம், மார்க்கர் முனை நசுங்கக் குத்திய குழி.

செவ்வாய்க்கிழமைதான் பள்ளிக்கு அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. ஹெட்மாஸ்டர் காலையிலிருந்து சுண்ணாம்புக்கும் பூந்தொட்டிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அக்கா அவர் பின்னாலேயே போய்ச் சொன்னாள். "நாளைக்கு முடியட்டும்மா, பார்த்துக்கலாம். முதல்ல எல்லாக் கதவும் கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்றார்.

பதினைந்து கதவைக் கண்ணாடி மாதிரி ஆக்கினாள். ஐந்தாவதைத் தொடவில்லை. வாளிகள் வைக்கும் அறைப் பூட்டைக் கழற்றி அதில் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாள் முழுக்க அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. சாப்பிடவும் போகவில்லை. பூட்டைப் பார்த்து முணுமுணுத்த பையன்களிடம், "உள்ளே தண்ணி வரலைடா கண்ணுங்களா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிறவன் ஒவ்வொருவனின் கையையும் பார்த்தாளாம், இவனா இவனா என்று.

நாலரை மணிக்கு ஹெட்மாஸ்டர் சுற்றிப் பார்க்க வந்தார். கூடவே சயின்ஸ் டீச்சர், குறிப்பெடுக்க.

"இது ஏன் பூட்டியிருக்கு? திறங்க."

திறந்தாள். படித்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம்தான்.

"இதை ஏம்மா துடைக்கல?"

"நீங்க படிக்கணும்னுதான் சார்."

"படிச்சாச்சு. துடைங்க. விடிஞ்சா ஆளுங்க வந்துடுவாங்க."

"துடைக்க மாட்டேன் சார்" என்றாள் அக்கா. பத்தொன்பது வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். "மூணாவது கதவுல எழுதியிருந்ததுன்னு பசங்க சொன்னது பொய்யில்ல. நான்தான் துடைச்சேன். நாலு நாள் துடைச்சேன். ஒரு பிள்ளைக்குக் காது போச்சு. இனிமே யாராவது வந்து என்னன்னு பார்க்காம என் துணி இதுமேல படாது."

சயின்ஸ் டீச்சர் கையை நீட்டினார். "அந்த நோட்டைக் குடுங்கக்கா." நின்றபடியே ஆகஸ்டிலிருந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் சுவரில் சாய்ந்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். "நாலு தடவை கேட்டிருக்கான் சார், நம்மகிட்ட" என்றாராம்.

"போலீஸுக்குச் சொல்லி நாளைக்கு எல்லார் பையையும் சோதிச்சிடலாம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நாளைக்குன்னா அவன் கத்தியோடதான் வருவான் சார். யாருன்னு இன்னைக்கே கண்டுபிடிக்கணும்" என்றார் டீச்சர்.

திருத்துவதற்கு வாங்கி வைத்திருந்த நோட்டுகள் ஆசிரியர் அறையில் கட்டுக்கட்டாக இருந்தன. டீச்சர் ஒவ்வொன்றையும் பிரித்தார். எழுதிய பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தை விரலால் தடவினார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து தடவினாள். ஆறே காலுக்கு, எட்டாம் வகுப்பு நோட்டு ஒன்றில் அக்காவின் விரல் நின்றது. ஒவ்வொரு புள்ளியும் மறுபக்கம் முளைத்திருந்தது. பின்னட்டை உள்ளே நான்கு எண்கள் எழுதி, மேலே கோடு போட்டு அடித்திருந்தது.

ஹெட்மாஸ்டர் முகவரியை எடுத்துக் கொடுத்தார். டீச்சரும் அக்காவும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். அவன் அப்பா கதவைத் திறந்து, "ஏதாவது தப்புப் பண்ணிட்டானா?" என்றார். டீச்சர் அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய்ப் பேசினார். அக்கா உள்ளே போய்ப் பையனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஒல்லியான பிள்ளை. பள்ளிப் பையை மடியில் கட்டிப் பிடித்திருந்தான்.

"யாரு சொன்னது வாளியக்கா?"

"நீதான் சொன்ன. நான் படிச்சேன்."

அவன் பையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"பென்சில்ல எழுதினியே, அதையும் படிச்சேன். போய்ச் சொன்னேன். யார் காதுலயும் ஏறல. அதுக்கு நீ பொறுப்பில்லடா. அந்தப் பையைக் குடு."

பிடியைத் தளர்த்திக் கொடுத்தான். உள்ளே பழம் நறுக்குகிற கத்தி, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு. அக்கா அதை முந்தானையில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகுதான் அவன் அழுதான்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வு முடிந்தது. அந்த நான்கு பையன்களின் பெற்றோரும் வரவழைக்கப்பட்டார்கள்; சயின்ஸ் டீச்சர் வாரக்கணக்கில் அந்தப் பையன்களோடு உட்கார்ந்து பேசினார். ஒல்லிப் பிள்ளை பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். தினமும் காலை ஏழே முக்காலுக்கு டீச்சர் வந்து நோட்டைப் புரட்டுவது வழக்கமாயிற்று. அக்காவுக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது: ஆய்வுக்கு முந்தைய நாள் ஒரு கதவைச் சுத்தம் செய்ய மறுத்ததற்காக. "என் பேருக்கு வந்த முதல் லெட்டர்டி" என்று மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் சரியாகிவிட்டாள் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஒரு கதவை விட்டுவிட்டோமோ என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். இடது காது போன பையன் படிப்பை முடித்துப் போகும் நாளில் அவனிடம் ஏதோ சொல்லப் போய், சொல்லாமலே வந்தாள். ஏழு வாரத்துக்கு முன் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஏறிப் போவதற்குள் முடிந்துவிட்டது.

போன மாதம், அவளிடமிருந்த சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். உள்ளே புதிய பெண் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், மூன்றாவது கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னையறியாமல் சத்தம் போட்டுவிட்டேன்.

"படிச்சியாம்மா? துடைக்கிறதுக்கு முன்னாடி படிச்சியா?"

அவள் பயந்துபோய்த் துணியை எடுத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா."

பையில் அக்காவின் நோட்டு இருந்தது. அவளிடம் கொடுக்கத்தான் கொண்டுபோயிருந்தேன். அந்தக் கதவு வரிசைக்கு முன்னால் இரண்டு தடவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். பிறகு உட்கார்ந்து, அவளுக்கு முழுக் கதையும் சொன்னேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பசங்க வர்றதுக்கு முன்னாடி கதவை போட்டோ புடிச்சு அனுப்பட்டுமாக்கா? நீங்க படிச்சுச் சொல்லுங்க."

தினமும் ஏழு மணிக்குப் பதினாறு படங்கள் வருகின்றன. பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் படிக்கிறேன். கணக்கு வாத்தியாருக்கு இப்போது மீசையும் வந்துவிட்டது.

இன்று காலை, பெண்கள் பக்கம் இரண்டாவது கதவு. முழங்கால் உயரம். பென்சில். "சாயங்காலம் வேன்ல கடைசியா இறங்குறது நான். பயமா இருக்கு."

பேருந்து வந்தது. ஏறவில்லை. சயின்ஸ் டீச்சருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அதற்குள் அந்தப் பெண்ணின் குரல் செய்தி வந்தது, பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்தோடு: "அக்கா, மணி ஆகுது. துடைக்கட்டுமா?"

"இப்ப வேணாம்மா, இரு" என்று குரலிலேயே பதில் அனுப்பிவிட்டு, மூன்றாம் முறை போட்டேன். டீச்சர் எடுத்தார்.