முப்பத்தைந்து டிகிரி

போன வருடத் தொடக்கத்தில், மழை எட்டியே பார்க்காத ஒரு மாதத்தில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் நடந்தது இது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கண் சொக்காமல் என்ன செய்யும்? சன்னலுக்கு வெளியே கொடிமலை வெயிலில் வெளிறி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தது. கீழே பஸ் நின்று போகும் சத்தம்கூட வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல் கேட்டது.

மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் தரும், தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷினை எங்கள் கம்பெனி செய்கிறது. அதன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஒரு குட்டி சிப். அந்தச் சிப்புக்கு உத்தரவு போடும் புரோகிராம் எங்கள் குழுவின் வேலை. ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, 'பார்த்துவிட்டேன், சரி' என்று தன் பெயரைப் போட்டால்தான் அது மெஷினுக்குள் போகும். அன்று என் முறை.

எழுதியவர் ஒரு குளிர் நாட்டுக் கிளையில் இருப்பவர். நேரில் பார்த்ததில்லை. பேட்டரி நாற்பத்தைந்து டிகிரிக்குச் சூடானால் சார்ஜை நிறுத்து என்றிருந்ததை முப்பத்தைந்தாகக் குறைத்திருந்தார். பேட்டரி நீண்ட நாள் உழைக்கும், பாதுகாப்பும் கூடும் என்று அழகாக விளக்கியும் இருந்தார். சோதனையெல்லாம் பாஸ். பாதுகாப்பு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அரைத் தூக்கத்தில் தலையாட்டியபடியே என் பெயரைத் தட்டிவிட்டேன். பட்டனை அழுத்துவதுதான் பாக்கி.

போன் அடித்தது. சுங்கை பாக்காப்பிலிருந்து என் அக்கா. நுரையீரல் நோய்க்காரி. எங்கள் மெஷின்தான் அவளுக்கும் துணை.

"என்னாடி பண்றே? இங்க என்னா வெயிலு லா! தகரக் கூரைக்குக் கீழ உக்கார முடியல. மெஷினத் தொட்டாக்கூட சுடுது."

எனக்குத் தூக்கம் பறந்துவிட்டது.

"அக்கா, சார்ஜ் ஏறுதா?"

"ஏறுதே, பச்ச லைட்டு மின்னுது. காலையிலேருந்து கரண்டு இல்ல, இப்பதான் வந்துச்சு. நல்லவேள, பேட்டரி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு."

ஐயோ! அந்தச் சூட்டில் அவள் பேட்டரி முப்பத்தைந்தை எப்போதோ தாண்டியிருக்கும். நான் பட்டனை அழுத்தி அந்த மாற்றம் அவள் மெஷினுக்குள் போனால், கரண்டு வந்தாலும் அந்தப் பச்சை விளக்கு மின்னாது. அடுத்து கரண்டு போகும்போது அவளுக்கு மூச்சு?

"வேலை நேரத்துல தொல்லை பண்றேனா?" என்றாள். "இல்லக்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பெயரை அழித்தேன். தகரக் கூரை, அக்கா, காலையில் போன கரண்டு எல்லாவற்றையும் அந்தக் குளிர் நாட்டுக்காரருக்கு எழுதினேன். அவர் ஊரில் அப்போதுதான் விடிந்திருந்தது. தன் சன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதாகவும், வீட்டுக்குள் அத்தனை சூடு இருக்கும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றும் பதில் எழுதி, மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடைசி வரியில், அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தார். அன்று சாயங்காலம் முழுக்க, அக்காவின் தகரக் கூரைமேல் பனி மெல்ல விழுவதுபோல ஒரு காட்சி கண்ணுக்குள்ளேயே நின்றது.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. இப்போதெல்லாம் யாருடைய மாற்றத்துக்கும் பெயர் போடுமுன் அவளுக்கு ஒரு போன் போட்டு, என்ன சமையல் என்று கேட்கிறேன்; அவள் குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போக, நான் அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.