ஹூபர் வீட்டு மாப்பிள்ளை

கோர்பினியன் ஹூபருக்கு எழுபத்தொரு வயது. பசு நாற்பது, டிராக்டர் இரண்டு, மகள் ஒருத்தி. எல்லாமே அவருக்குப் பெருமைதான். ஆனால் தன் குடும்பப் பெயர் மேல் அவருக்கிருந்த பெருமைக்கு முன் அவை வெறும் தூசு.

ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான முழு நிலத்துக்கு அந்தக் காலத்தில் ஹூபே என்று பெயர். அதை வைத்திருந்தவர் ஹூபர். ஊருக்கு நாலு பேர் அப்படி இருந்ததால், இன்று ஜெர்மனியின் பவேரியாவில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஹூபர் மேல்தான் விழும். எங்கள் ஊரிலேயே பதினான்கு வீடு. இதைக் கோர்பினியனிடம் சொல்லிவிட முடியாது.

"மத்தவன்லாம் அந்தப் பேர வச்சுக்கிட்டிருக்கான். நாங்கதான் ஹூபர்" என்பார். வாசலுக்கு மேலே '1612 முதல் ஹூபர்' என்று மரத்தில் செதுக்கி மாட்டியும் இருந்தார்.

அவர் மகள் வால்புர்கா, பக்கத்துத் தெரு க்விரின் விம்மரைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். பையன் நல்லவன், தச்சு வேலை செய்கிறான். கோர்பினியனுக்குப் பெயர்தான் இடித்தது. "விம்மர் பயலுவ எங்க வீட்ல மாடு மேய்ச்சவனுங்க" என்றார். பிறகு இறங்கிவந்து ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை ஹூபர் என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். சட்டத்தில் அதற்கு இடமுண்டு.

வெள்ளிக்கிழமை மதுக்கடையில், நாங்கள் வழக்கமாக உட்காரும் மேசையில், க்விரின் பதில் சொன்னான்.

"மாமா, பொண்டாட்டிக்காகப் பேர விட்ட ஆம்பள ஒருத்தன் இந்த ஊர்ல இருந்தான்னு காட்டுங்க. மறுநாளே நான் ஹூபர்."

"காட்டுறேன்டா."

மறுநாள் தேவாலய அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அங்கே பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது நான். அந்தக் கோழிக்கிறுக்கல் ஊரில் எனக்கு மட்டும்தான் புரியும். இரண்டு வாரம் தேடினேன். தினமும் புகைபோட்ட பன்றி இறைச்சி கொண்டுவந்து கொடுத்து என்னை ஊக்கப்படுத்தினார்.

1743ஆம் ஆண்டுப் பக்கத்தில் கிடைத்தது. ஒரு ஹூபர் பிள்ளையில்லாமல் இறந்துபோகிறார். அவர் விதவை அப்போலோனியா தன் வீட்டு மாட்டுக்காரனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் தன் பெயரை விட்டுவிட்டு ஹூபர் ஆக வேண்டும் என்பது அவள் நிபந்தனை. ஆகிவிட்டான்.

"பாத்தியா, ஆளு கெடச்சுட்டான்" என்று மேசையைத் தட்டினார் கோர்பினியன். "யாரு அவன்?"

"உங்க பரம்பரையே அவன்கிட்ட இருந்துதான் வருது."

"மாட்டுக்காரனா?"

"ஆமா."

"அவன் பழைய பேரு?"

நான் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி, அந்த ஒரு வார்த்தையில் விரலை வைத்து வாசித்துக் காட்டினேன். விம்மர்.

அந்த எழுத்துகள் மேல் தானும் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நகல் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இத வேற யாரும் படிப்பாங்களா?" என்றார்.

"உங்களத் தவிர யாரு வந்து கேக்கப்போறா."

அடுத்த வெள்ளிக்கிழமை மேசை நிரம்பியிருந்தது. "கெடச்சுதா மாமா?" என்றான் க்விரின்.

கோர்பினியனின் கை சட்டைப்பைக்குப் போனது. எடுத்துவிடுங்கள் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. எடுத்தால் இன்னொரு தலைமுறைக்கு அந்த வீட்டில் ஹூபர் என்ற பெயர் இருக்கும். ஆனால் எடுத்துக் காட்டுகிறவர் மாட்டுக்கார விம்மரின் வாரிசாகிவிடுவார். கை வெளியே வந்தபோது அதில் கைக்குட்டை இருந்தது. மீசையில் ஒட்டிய பீர் நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல. அப்படி எவனும் பண்ணல."

மே மாதம் திருமணம். வால்புர்கா விம்மர் என்று கையெழுத்துப் போட்டாள். விருந்தில் க்விரின் மாமனாரின் தோளில் கை போட்டான்.

"வருத்தப்படாதீங்க மாமா. உங்க பொண்ணு இப்ப எங்க விம்மர் கூட்டத்துல சேந்துட்டா."

கோர்பினியன் தட்டிலிருந்த இறைச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேரலடா" என்றார். "திரும்பி வந்திருக்கா."

மாமாவுக்கு ஏறிவிட்டது என்று சொல்லி க்விரின் அவர் குவளையை எடுத்து அப்பால் வைத்தான்.