பனஞ்சாற்றுச் சர்க்கரையைத் தேடி: இலஞ்சி, குற்றாலம்

பள்ளி திறந்த முதல் ஞாயிறு. சாரல் விழத் தொடங்கியிருந்தது. எல்லாரும் அருவிக்குப் போனார்கள், நான் சர்க்கரைக்காகப் போனேன். இலை தயாரிக்கும் குளுக்கோஸ் செடிக்குள் அப்படியே பயணம் செய்வதில்லை. ஃப்ரக்டோஸோடு சேர்ந்து, சுக்ரோஸாகத்தான் போகிறது. பாக்டீரியா அந்த ஜோடியைப் பிரித்துத் தின்னும். பதினோராம் வகுப்புப் பாடம் இது. திங்கட்கிழமை இதைச் சோதனையில் காட்டினால் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு நான் போகலாம், இல்லையென்றால் பக்கத்து வகுப்பின் சோடா உப்பு எரிமலை போகும் என்று உயிரியல் டீச்சர் சொல்லியிருந்தார்.

காலை ஆறரைக்குத் தென்காசியில் சித்தியோடு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். வழியில் இலஞ்சியில் இறங்கினோம். சாலையோரம் ஓர் அக்காவும் அவர் கணவரும் பதநீர் விற்றார்கள். ஓர் ஓலைப் பட்டை நிறைய முப்பது ரூபாய்.

"அக்கா, சுண்ணாம்பு தடவாத கலயத்துல இறக்குனது கிடைக்குமா?"

அவர் அகப்பையை நிறுத்தினார். "ஏட்டி, அது கள்ளுல்லா." கணவரைப் பார்த்து, "காலங்காத்தால பள்ளிக்கூடத்துப் பிள்ள கள்ளு கேக்குதா, பாத்தீயளா?"

"இவ யாருன்னே எனக்குத் தெரியாது," என்றார் சித்தி.

சுண்ணாம்பில்லாதது கிடைக்காது என்று புரிந்தது. சுண்ணாம்பு இருக்கும்வரை கிருமி வளராது, சாறு புளிக்காது. இருந்தாலும் இரண்டு பாட்டிலில் பதநீர் வாங்கிக்கொண்டேன். குற்றாலம் பஸ்ஸில்தான் வழி தோன்றியது: மூச்சுக்காற்று பட்டால் சுண்ணாம்பு நீர் பாலாக மாறி, சுண்ணாம்பு அடியில் படியும்.

பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு பாட்டிலுக்குள் உறிஞ்சுகுழலை விட்டு ஊதினேன். கடை அண்ணாச்சி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, குடிக்கத் தெரியலையா? உறிஞ்சணும். ஊதப்பிடாது."

கன்னம் வலிக்கும்வரை ஊதி, தெளிந்ததை மட்டும் வடித்தேன். பிறகு பாக்டீரியாவுக்காக அவரிடமே ஒரு கரண்டி புளித்த தோசைமாவு கேட்டேன். மாவின் மேல் தெளிந்து நின்ற தண்ணீரை அந்தச் சாற்றில் விட்டேன். பாய்லர் பக்கத்துச் சூட்டில் பாட்டிலை வைத்துவிட்டு அருவியில் குளித்தோம். மாலை வீடு திரும்பும்போது மூடியைத் திறந்தால் புஸ்ஸென்றது, புளித்த வாடையும் வந்தது. மற்ற பாட்டிலை வீட்டில் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

திங்கள் காலை நீல நிறப் பெனடிக்ட் கரைசலோடு இரண்டையும் சூடாக்கினோம். இது சுக்ரோஸுக்கு நிறம் மாறாது, தனிச் சர்க்கரைக்குச் சிவக்கும். பதநீர் கொஞ்சம் பச்சையானதோடு நின்றது. புளித்தது செங்கல் நிறமானது. மாவிலுள்ள சில பாக்டீரியாக்கள் ஜோடியை வெளியிலேயே பிரித்து, ஒன்றைத் தாங்கள் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுமாம். அந்த மிச்சத்தைத்தான் பார்த்தேன் என்று நம்பினேன்.

டீச்சர் சோதனைக்குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. ஆனா இந்தச் சர்க்கரை மாவுத் தண்ணியிலேயே இருந்திருந்தா?"

மாவுத் தண்ணீரைத் தனியாக நான் சோதித்திருக்கவில்லை. கண்காட்சிக்கு எரிமலை போகிறது.

நீங்கள் போவதானால் எட்டு மணிக்குள் இலஞ்சிக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பதநீர் தீர்ந்துவிடும். புளிக்கும் பாட்டிலை இறுக மூடாதீர்கள். மூன்றாவதாக ஒரு பாட்டிலும் கொண்டுபோங்கள். அதில் வெறும் குடிதண்ணீரில் அதே அளவு மாவுத் தண்ணீரை விட்டு வையுங்கள். மறுநாள் பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கியும் அது நீலமாகவே நின்றால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.