ஏரியைச் சுற்றிய புதன்கிழமைகள்

நெரெய்டா மல்தொனாதோ ஒரு நாளைக்குப் பதினாறு ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்வார். ஆள் குறைந்த நாளில் பதினெட்டு. குழந்தைகள் கட்டில் மேல் ஏறிக் குதித்து, பாப்கார்னைக் கம்பளத்தில் மிதித்து, ஈரத் துண்டுகளைக் குவித்துவிட்டுப் போன அறைகள். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. முழங்கால்கள் இரண்டிலும் பட்டை கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவார். வலி என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குவார், அதை வைத்து நாங்களே தெரிந்துகொள்வோம்.

நான் ஒஸ்வால்தோ. அதே இடத்தில் பத்து வருடமாகப் படகு ஓட்டுகிறேன். எங்கள் ஏரியைச் சுற்றி மூன்று ஹோட்டல்கள் உண்டு. வேலைக்காரர்கள் நாங்கள் அவற்றைப் பைன் ஹோட்டல், வெள்ளை ஹோட்டல், தீவு ஹோட்டல் என்போம். நான்காவது கரையில் பெரிய பூங்கா. ராட்டினம், ரயில், கோட்டை எல்லாம் அதற்குள்ளே. உள்ளே போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். படகுக்குச் சீட்டு கிடையாது. துறையில் யார் வந்து நின்றாலும் ஏற்றிக்கொள்வோம். பக்கத்து ஊரான கிஸிமியில் இருக்கும் எங்கள் ஜனங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பூங்காவின் உள்பக்கம் வேலை நேரத்தில் மட்டும்தான் தெரியும்.

நெரெய்டாவுக்குப் புதன்கிழமை ஓய்வு. அன்றைக்கும் அவர் அங்கேதான் வருவார், கணவர் எரிபெர்த்தோவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு. இரண்டு பேருந்து மாறி, காலை பத்து மணிக்கெல்லாம் பைன் ஹோட்டல் துறைக்கு வந்துவிடுவார்கள். பையில் துவரையும் பன்றிக்கறியும் போட்ட சோறு, கொய்யாப் பசை தடவிய பிஸ்கட், பிளாஸ்கில் காப்பி.

எரிபெர்த்தோவும் எங்கள் ஆள்தான். பத்தொன்பது வருடம் எங்கள் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை கால் திரும்பின, பேச்சு அவ்வளவாகத் திரும்பவில்லை. அதன் பிறகு ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கியது. நெரெய்டா வேலைக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி பார்த்துக்கொள்வாள். புதன்கிழமை அவளுக்கும் லீவு வேண்டுமே.

ஒருமுறை நான், எங்கள் வழக்கப்படி மரியாதைக்குத் தோன்யா போட்டு, கேட்டேன்: "லீவு நாள்லயும் இதே இடத்துக்குத்தான் வரணுமா, தோன்யா நெரெய்டா? உங்களுக்கு அலுக்கலையா?"

"வீட்ல இருந்தா அவர் கதவுலேருந்து ஜன்னலுக்கு, ஜன்னல்லேருந்து கதவுக்குன்னு நடந்துகிட்டே இருக்காரு மகனே. கீழ்வீட்டுக்காரன் விளக்குமாத்துக் கட்டையால கூரையை இடிக்கிறான். இங்க எவ்வளவு நடந்தாலும் யாரும் இடிக்க மாட்டாங்க. ஏசி வேற ஓடுது."

காசு கொடுக்காமல் அங்கே என்னென்ன கிடைக்கும் என்பது நெரெய்டாவுக்கு அத்துப்படி. தீவு ஹோட்டலில் ஐஸ் போட்ட தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும். வெள்ளை ஹோட்டலில் பதினொரு மணிக்கு ஒருவர் பியானோ வாசிப்பார். பைன் ஹோட்டலில் பெரிய கணப்பு, அதன் முன்னால் ஆடும் நாற்காலிகள், குழந்தைகள் வண்ணம் தீட்ட ஒரு மேசை. இதற்கெல்லாம் மேலே ஆமைகள்.

அந்த இடத்தின் அடையாளமே ஆமைதான். ஹோட்டல்களைக் கட்டியவர்கள் அங்கங்கே ஆமை உருவத்தை ஒளித்து வைத்திருந்தார்கள். கம்பளப் பூவேலைக்குள் ஒன்று, சரவிளக்கின் கண்ணாடிக்குள் ஒன்று, நீச்சல்குளத்துப் பாறையில் ஐந்து கல்லைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று. வரவேற்பு மேசையில் கேட்டால் ஆமைப் பட்டியல் போட்ட ஒரு தாள் தருவார்கள். கண்டுபிடித்து வந்து சொல்லும் குழந்தைகளுக்கு ஒரு ஸ்டிக்கர். அறை துடைக்கும் நெரெய்டாவை விருந்தாளிகள் தினமும் நாற்பது தடவை நிறுத்தி ஆமை எங்கே என்று கேட்பார்கள். தள்ளுவண்டியைப் பிடித்தபடியே சிரித்து, "நாலாவது மாடி, லிஃப்டுக்கு இடப்பக்கம், எல்லா ஆமையும் ஒரு பக்கம் பார்க்கும், ஒண்ணு மட்டும் திரும்பிப் பார்க்கும்" என்பார். அந்தச் சிரிப்பு வண்டியோடு சேர்ந்து வருவது என்று சக வேலைக்காரிகள் கேலி செய்வார்கள்.

எரிபெர்த்தோ அந்த ஆமைகளைப் பிடித்துக்கொண்டார். அது எப்படி ஆரம்பித்தது என்று நெரெய்டாவுக்கே தெரியாது. முதலில் தாளில் இருப்பதைக் காட்டினார். பிறகு தாளில் இல்லாததையும் காட்டினார். ஒருநாள் என் படகுத்துறையில் நின்று, நான் கயிறு கட்டும் இரும்பு வளையத்தின் அடித்தகட்டைக் காலால் தட்டி, "ஆமை" என்றார். குனிந்து பார்த்தேன். துருவுக்கு அடியில் நான்கு காலும் தலையுமாக இருந்தது. பத்து வருடமாக அதன் மேல்தான் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன்.

வரவேற்பு மேசைப் பெண்கள் அவருக்கும் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அவர் அதைச் சட்டையிலேயே ஒட்டிக்கொள்வார். சாயங்காலத்துக்குள் மார்பு நிறைந்துவிடும். நெரெய்டாவுக்கு அது கூச்சமாக இருந்தது. பேருந்தில் ஏறும் முன் ஒவ்வொன்றாக உரித்துப் பையில் போட்டுக்கொள்வார்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை. முந்தின ஆறு நாளும் நெரெய்டாவுக்குப் பதினெட்டு அறைகள். முந்தின இரவு எரிபெர்த்தோ தூங்கவே இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பைன் ஹோட்டலில், அவரை வண்ணம் தீட்டும் மேசையில் உட்காரவைத்துவிட்டு, எதிரே ஆடும் நாற்காலியில் இவர் சாய்ந்தார். இரண்டே நிமிடம் கண்ணை மூடலாம் என்று நினைத்தாராம்.

அந்த நேரம் நான் துறையில் இருந்தேன். மேற்கே வானம் கறுத்துவிட்டது. மின்னல் வந்தால் படகுகள் நிற்க வேண்டும். வாக்கி டாக்கியில் ஒரே கத்தல்: இருக்கும் கூட்டத்தை ஏற்று, ஏற்று. எரிபெர்த்தோ ஸ்டிக்கர் சட்டையோடு ஏறினார். அவரோடு ஒரு அப்பா, அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள். நெரெய்டா பின்வரிசையில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அது என் தப்பு. இன்றைக்கும் அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளை ஹோட்டலில் எல்லோரும் இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கும்போதே இடி இறங்கியது. படகுகள் நின்றன. நான் அங்கேயே கட்டிவிட்டு மழைக்கு ஒதுங்கி நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து போன் அடித்தது.

"வால்தோ, பெர்த்தோ உன்கூட இருக்காரா?" நெரெய்டாவின் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"நீங்க அவர்கூட வரலையா?"

"நான் தூங்கிட்டேன்" என்றார். "எங்க இறக்கிவிட்ட?"

"வெள்ளை ஹோட்டல்ல. நான் தேடறேன். நீங்க அங்கேயே இருங்க."

"இருக்கறதாவது!" என்று போனை வைத்துவிட்டார்.

நான் நீச்சல்குளத்துக்குத்தான் முதலில் ஓடினேன். யாருமில்லை, மழைதான் குளத்தைக் குத்திக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக்குப் போனேன். பியானோ லாபி, கழிப்பறைகள், கடை, ஒன்றிலும் இல்லை. கடைசியில் ஐந்தாவது மாடித் தாழ்வாரத்தில் பார்த்தேன். எரிபெர்த்தோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்து போகிறார். அவருக்குப் பின்னால் படகில் வந்த அந்தக் குடும்பம். அதற்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு குடும்பங்கள், தள்ளுவண்டிக் குழந்தைகளோடு. அவர் ஒரு விளக்கின் கீழே நின்று விரலை நீட்டினார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

அந்த அம்மாள் என் சீருடையைப் பார்த்து ஓடி வந்தாள். ஹாலி என்று பெயர், இண்டியானாவிலிருந்து வந்தவள். "இவரு உங்க ஆளா? என்ன மாதிரி மனுஷன்! வாயே திறக்கலை, அப்படியே நடிக்கிறாரு! தாள்ல இந்த ஹோட்டலுக்கு ஒம்பதுதான் போட்டிருக்கு, இவரு பதினொண்ணு காட்டிட்டாரு!"

"இவரு இங்க வேலை செய்யலை, மேடம்."

அவள் கண்ணடித்தாள். "சரி சரி, புரியுது. ரகசியம். நான் யார்கிட்டயும் சொல்லலை."

அப்போது லிஃப்ட் திறந்தது. சலவைக்கூட வேன்காரரைக் கெஞ்சி ஏறி, ஏரியைச் சுற்றி வந்திருந்தார் நெரெய்டா. தலையிலிருந்து செருப்பு வரை சொட்டியது. நேராகப் போய் எரிபெர்த்தோவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அவர் சந்தோஷமாக, "ஆமை" என்றார். நெரெய்டா சுவரில் சாய்ந்தபடியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஹாலியின் சின்னப் பெண் அவர் அருகே குனிந்தாள். "நீங்களும் ஆமையா தேடறீங்க?"

"ஆமா கண்ணு" என்றார் நெரெய்டா. "கிடைச்சிடுச்சு."

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஹாலி நல்ல மனசுக்காரி. ஊருக்குப் போய், "ஆமை மனிதர்தான் எங்கள் பயணத்திலேயே சிறந்தது" என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினாள், படமும் வைத்து. நிர்வாகம் அதை வேலைக்காரர்கள் தாழ்வாரத்தில் ஒட்டி, இவர் எந்தப் பிரிவு, பாராட்ட வேண்டும் என்று கீழே எழுதியது.

"நெரெய்டா, உன் புருஷனுக்கு இந்த மாசத்துச் சிறந்த ஊழியர் பட்டம்டி! உனக்கு இத்தனை வருஷத்துல ஒரு தடவை கொடுத்திருப்பாங்களா?" என்று பெண்கள் கை தட்டிச் சிரித்தார்கள். நெரெய்டா சிரிக்கவில்லை. கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் விவரம் வெளியே வந்தது. அறைப் பிரிவு மேலாளர் டார்லீன் நெரெய்டாவைக் கூப்பிட்டனுப்பினாள். நான் முந்திக்கொண்டு போய், தனியாக வந்தவரைப் படகில் ஏற்றியது நான்தான், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கிடைத்தது. நெரெய்டா உள்ளே வரும்போது நான் இன்னும் அங்கேதான் நின்றிருந்தேன்.

டார்லீன் கெட்டவள் இல்லை. அவளும் ஒரு காலத்தில் அறை துடைத்தவள்தான். "வீட்ல இப்படின்னு இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லலை, நெரெய்டா?"

"சொன்னா அறை குறையுமா?"

டார்லீன் சட்டத்தைச் சொன்னாள். எரிபெர்த்தோவுக்கு ஏதாவது ஆகி, கூடவே விருந்தாளிகளின் பிள்ளைகளும் இருந்தால் யார் பதில் சொல்வது? இனிமேல் லாபிகளுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. படகு பொதுவானது, அதைத் தடுக்க முடியாது. ஒரு தாளில் முதியோர் உதவி அலுவலகத்தின் எண்ணை எழுதிக் கொடுத்து, பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றிருக்கிறது, பெயரைப் பதியுங்கள், ஆனால் வரிசை நீளம் என்றாள்.

வெளியே வந்ததும் நெரெய்டா என் பக்கம் திரும்பினார். "உன்னை யாரு கூப்பிட்டா?"

"தோன்யா நெரெய்டா, நான்தானே..."

"தூங்கினது நான். அதுக்கு நான் பதில் சொல்லியிருப்பேன். ஆறு வருஷத்துல ஒரு நாள் தூங்கினேன்னு அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். நீ குறுக்க விழுந்து நல்லவனாயிட்ட. அதையும் நான்தான் சுமக்கணுமா?"

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்த பிறகு கோபம் வரவில்லை.

அதன் பிறகும் புதன்கிழமைகளில் வந்தார்கள். இறங்காமல் படகிலேயே சுற்றினார்கள். ஒவ்வொரு துறையிலும் எரிபெர்த்தோ எழுந்து நிற்பார். நெரெய்டா சட்டையைப் பிடித்து உட்காரவைப்பார். மறுபடி எழுவார், மறுபடி இழுப்பார். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம், நான்கு துறை. மூன்று வாரம் என்னோடு பேச்சில்லை. நான்காவது வாரம் வெள்ளை ஹோட்டல் துறையில் எரிபெர்த்தோ அழ ஆரம்பித்துவிட்டார், சத்தமில்லாமல், மூக்கு ஒழுக. ஏறியிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"இந்தாங்க, கொஞ்சம் சுக்கானைப் பிடிங்க" என்று அவரை என் பக்கத்தில் கூப்பிட்டேன். விதிப்படி அது கூடாது. அவர் வந்து பிடித்தார். அடுத்த துறை வரும்வரை எழவில்லை. நெரெய்டா பின்னாலிருந்து ஒரு பிஸ்கட்டை என் பக்கம் நீட்டினார். "இன்னொரு எச்சரிக்கை வாங்கிக்கப் போற" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

இல்லத்தில் இடம் பிப்ரவரியில் வந்தது. வாரத்தில் மூன்று நாள், அதில் புதனும் ஒன்று. காலையில் வேன் வந்து அழைத்துப் போகும். முதல் நாள் எரிபெர்த்தோ வேன் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். நெரெய்டா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்ததாம். இரண்டாவது வாரம் அவராகவே ஏறிக்கொண்டார்.

அந்த வாரம் வேலைக்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் நெரெய்டாவைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"அங்க அவருக்குப் பிடிச்சிருக்கா?"

"வட்டமா ஒரு தாழ்வாரம் இருக்கு. நாள் பூரா அதுல நடக்கறாராம். சுவத்துல எதையோ தேடறாருன்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லிக்கலை."

"நீங்க? ஆறு வருஷம் கழிச்சு ஒரு லீவு நாள் முழுசா உங்களுக்குன்னு கிடைச்சிருக்கே. என்ன பண்ணினீங்க?"

"துணி துவைச்சேன். சோறு வச்சேன். அப்புறம் அடுப்புக்குப் பக்கத்துலயே நின்னுகிட்டு சாப்பிட்டேன். நாற்காலி ரெண்டும் காலியாத்தான் கிடந்துச்சு. உட்காரணும்னு தோணவே இல்லை மகனே."

பேருந்து வந்தது. பக்கவாட்டில் ஒரு காலை வைத்து ஏறினார். நான் பின்னால் நின்று பையைப் பிடித்துக்கொண்டேன்.