லூர்தம்மாளின் லத்தீன் ஜெபம்

1974 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, லூர்தம்மாள் பெரியம்மா கோட்டுச்சேரிமேட்டு மீனவக் குப்பத்தில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு, போலகத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரார் அவரை விலக்கியிருந்தார்கள்.

பெரியப்பா அந்தக் குப்பத்தில் படகு செய்த தச்சர். அவர் இறந்த பிறகும் பெரியம்மா அங்கேயே இருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மீனவப் பெண்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நெற்றியில் கை வைத்து லத்தீனில் ஒரு ஜெபம் சொல்வார். யோவான் நற்செய்தியின் தொடக்கம் அது. முன்பு மாதா கோயிலில் பூசை முடிவில் சாமியார் வாசிப்பார். கேட்டுக் கேட்டே பெரியம்மாவுக்கு மனப்பாடம். பிறகு பூசை தமிழுக்கு மாறியது, அந்த வாசகமும் நின்றுபோனது. பெரியம்மா நிறுத்தவில்லை.

அந்த ஆடியில் அஞ்சுகத்தின் குழந்தை, பெரியம்மா ஜெபித்த மறுநாள் இறந்தது.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. தலைவர் அரசப்பன் கேட்டார்: "வாய்க்குள்ள என்னம்மா சொன்னீங்க?"

"வேதம்ங்க."

"வேதக்காரங்க கோயில்ல இப்ப தமிழ்லதான ஓதுறாங்க? ஒனக்கு மட்டும் எந்த ஊரு வேதம்?" என்று ஓர் இளைஞன் கேட்க, சிலர் சிரித்தார்கள். அஞ்சுகம் சிரிக்கவில்லை. "எம்புள்ளைய என்னடி பண்ணுன?" என்று கத்தினாள்.

பெரியம்மா கோயிலுக்கு ஓடினார். "ஒரு வார்த்த வந்து சொல்லுங்க சாமி, அது ஜெபந்தான்னு. இல்லேன்னா எனக்கு வீடு இல்ல."

புதிதாக வந்திருந்த சாமியார் தயங்கினார். "பழைய வழக்கத்த விடுங்கன்னு நானே பிரசங்கம் பண்றேன். இதுக்கு எப்படிம்மா சாட்சி சொல்றது?"

பஞ்சாயத்து அதைச் சூனியம் என்று தீர்த்தது.

பின்னர் நான் வேலை தேடி இங்கிலாந்தில் அலைந்த நாட்களில், ஒரு நூலகத்தில் டியூடர் மன்னர்களின் சட்டங்களைப் படித்தேன். எட்டாம் ஹென்றி 1542இல் சூனியத்துக்கு மரண தண்டனை வைத்தார். மகன் எட்வர்ட் காலத்தில் அது நீங்கியது. 1563இல் ராணி எலிசபெத் புதிதாகச் சட்டம் கொண்டுவந்தார். அந்த ஆண்டுகளில்தான் பூசை லத்தீனை விட்டு ஆங்கிலத்துக்குப் போனது, இடையில் கத்தோலிக்க ராணி மேரி வந்ததும் லத்தீனுக்கே திரும்பியது, மறுபடியும் போனது. நோயாளிக்கு இதே யோவான் வாசகத்தைச் சொல்லும் வழக்கம் அங்கும் இருந்திருக்கிறது. நேற்றுவரை பக்தி என்றிருந்ததைப் புதிய போதகர்கள் மந்திரவாதம் என்றார்கள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

1985இல் நான் ஊர் திரும்பியபோது பெரியம்மா ஜெபமாலையைக்கூட உதடு அசையாமல் சொன்னார். அந்தக் குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் கனகத்திடம் மட்டும், "என் வீடு நிக்குதாடி?" என்று கேட்பார்.

"நிக்குது, நிக்குது. திண்ணையில ஆடுங்கதான் குடியிருக்கு."

மறுவருடம் ஒரு காலையில் கனகம் கூடையை இறக்காமலே சொன்னாள்: "ஊர்ல பேசிட்டாங்க பெரியம்மா. அஞ்சுகமும் சரின்னுட்டா. நீங்க வரலாமாம், வீட்டத் தொறந்துக்கலாமாம். அந்த ஜெபத்த மட்டும் சொல்லக் கூடாதாம்."