முதல் போன் யாருக்கு

எனக்கும் என் நங்கையாவுக்கும், அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவுக்கும், ஒரு சண்டையும் கிடையாது. பொறாமை மட்டும்தான், அதுவும் என் பக்கம் மட்டும். கல்யாணத்தன்று இணைச்சீர் என்ற சடங்கில், எனக்கு முன்பே மாப்பிள்ளை பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தவர் நங்கையாதான். அக்காவுக்கு உள்ள சீர் அது, தெரியும். இருந்தாலும் இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒருவரை இரண்டு மணி நேரம் பேசவைத்துப் பதிவு செய்வாள். அதை வைத்துக் கம்ப்யூட்டரில் அவர் மாதிரியே ஒரு ஏஐ ஆளை உருவாக்குவாள். கேள்வி கேட்டால் அவர் சொல்வது போலவே பதில் சொல்லும். நிஜ ஆளிடமும் அதையே கேட்டு, பொருந்துகிறதா என்று பார்ப்பாள். என் வீட்டுக்காரரைப் போலவும் ஒன்று செய்திருந்தாள். "இவளும் பாக்கட்டுங்க, எங்கிட்ட என்ன ரகசியம்?" என்று அவரே சொல்லிவிட்டார்.

விடுவேனா? "நல்ல சேதி வந்தா மொதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்க?" என்று தட்டினேன்.

"சம்சாரத்துக்குத்தானுங்க" என்று வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அக்காளுக்கு மொதல்ல சொன்னா ஊட்டுல ரெண்டு நாளைக்குப் பேச்சே இருக்காதுங்க. இவகிட்டச் சொல்லிப்போட்டு, மோட்டார் பாத்துட்டு வாரேன்னு தோட்டத்துக்குப் போயி அக்காகிட்டப் பேசுவேனுங்க. அப்பத்தான் மனசு நெறயும்."

அடப்பாவி மனுஷா! ஒரு நாளைக்கு மூன்று தடவை மோட்டார் பார்க்கப் போகிறவர். கரண்ட் இல்லாதபோதும் போவார். பயிர் மேல் என்ன அக்கறை என்று டீ வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் அந்தப் பெண் அவரை உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்டாள்.

"சம்சாரத்துக்குத்தானுங்க அம்மணி."

"ஏனுங்க?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "கட்டுனவளாச்சுங்களே. இவள உட்டா எனக்கு யாரு இருக்கறா?"

அவள் மெஷின் சொன்ன காரணத்தை வாசித்துக் காட்டினாள். அவர் முகம் சுண்டிப்போனது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"காரணம் ரெண்டும் வேற வேறயா இருக்குதுங்களே. கூடவே இருக்கறவங்க நீங்க. எது சரின்னு குறிக்கட்டுங்க?"

"அவரு சொல்றதுதானுங்க சரி. மெஷினுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அப்பாடா என்று அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மெஷின் சொன்னதைவிட அந்த மூச்சுதான் என்னைச் சுட்டது.