சன்னல் சீட்டுக்கு எரிந்த நாற்பதாயிரம் முட்டை

இது முழுக்க முழுக்க நடந்த கதை. மத்திகிரியில் கிளம்பி, ஓசூர் பஸ் ஸ்டாண்டு, மூக்கண்டப்பள்ளி வழியாகக் கர்நாடக எல்லை தாண்டிப் போகும் ஒரு கம்பெனி பஸ்ஸில், பட்டப்பகலில், ஆயிரம் சாட்சிகளுக்கு முன்னால் நடந்தது. ஆயிரம் என்பது கொஞ்சம் அதிகம்தான். அறுபது பேர் இருப்பார்கள். கொஞ்சம் இழுக்காமல் எந்தக் கதையும் நடக்காது. இழுத்த இடம் எது, இழுக்காத இடம் எது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

கதாநாயகி சம்பங்கி. ஊர் காவேரிப்பட்டினம், வயசு நாற்பத்திரண்டு, படிப்பு அஞ்சாங்கிளாஸ். வண்டிகளுக்கு ஒயர் தயாரிக்கும் கம்பெனியில் ஒயரைச் சோதித்து அனுப்பும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான் சோதிக்க வேண்டும். அவளுடைய வலது முழங்கால் மடங்கும்போது வரும் சத்தத்தைக் கேட்டு, மிஷின் உடைந்துவிட்டது என்று மெக்கானிக் ஸ்பேனரோடு ஓடிவந்திருக்கிறார். இரண்டு தடவை.

மத்திகிரியில் குடியிருந்தவரை கவலை இல்லை. முதல் ஸ்டாப், ஏறியதும் உட்காரலாம். மகள் ஸ்வாதியின் பள்ளிக்கூடத்துக்காகத் தை மாசம் மூக்கண்டப்பள்ளிக்கு வீடு மாற்றினார்கள். மூக்கண்டப்பள்ளி கடைசி ஸ்டாப். பஸ் வரும்போதே நிறைமாத கர்ப்பிணி மாதிரிதான் வரும். அங்கிருந்து கம்பெனி ஒன்றும் தூரமில்லை. ஆனால் அத்திப்பள்ளி டோல்கேட் நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விடும். பஸ் நின்ற நிற்பில் சக்கரத்துக்கு அடியில் புல் முளைத்த நாளும் உண்டு.

நாலு நாள் நின்றுகொண்டு போனாள். ஐந்தாம் நாள் கைக்குக் கம்பியும் வாய்க்கு வேலையும் கொடுத்தாள்.

"ஏ புள்ளைங்களா, வேத்துக்கிரகத்துல சண்ட வந்துருச்சே, தெரியுமா?"

பஸ்ஸில் பாதிப் பேர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

ஸ்வாதி பார்க்கும் கார்ட்டூனில் ஏதோ ஒன்றை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனவள் சம்பங்கி. மிச்சத்தை டோல்கேட்டில் வைத்து இட்டுக்கட்டினாள். இரண்டு கூட்டம். ஒன்று கொடுக்கர்கள்: உடம்பெல்லாம் ஓடு, ஆறு கை, கைக்கொரு நண்டுக் கொடுக்கு. இன்னொன்று ஜவ்வர்கள்: எலும்பே கிடையாது, சாவித் துவாரம் வழியாக வீட்டுக்குள் வருவார்கள், காதால் சாப்பிடுவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நிலா. கொடுக்கர்கள் அங்கே வெயில் காலத்தில் முட்டையிடுவார்கள், ஜவ்வர்கள் மழைக் காலத்தில். லட்சம் வருஷமாகத் தகராறு இல்லை. ஒரு வருஷம் மழை சீக்கிரம் வந்தது. இரண்டு கூட்டமும் ஒரே நாளில் நிலாவில் போய் இறங்கின. யார் முதலில் வந்தது? அங்கே பிடித்தது சண்டை.

"கொடுக்கருங்கதான் நல்ல ஜனம்" என்றாள் மூன்றாம் சீட்டு சாந்தம்மா. "ஆறு கை இருந்தா நம்ம டார்கெட்ட பத்து மணிக்கே முடிச்சிட்டு டீ குடிக்கலாம்."

"எனக்கு ஜவ்வருதான்" என்றாள் சன்னலோரம் இருந்த செல்வம்மாள். "எலும்பே இல்லன்னா இடுப்புவலி ஏது?"

சாந்தம்மா எழுந்தாள். "நீ உக்காந்து சொல்லுக்கா. கால் வலிக்குதுன்னு பாதியில வுட்டுருவ."

சம்பங்கி உட்கார்ந்தாள். அன்றைக்குக் கொடுக்கர்கள் ஜவ்வர்களின் முந்நூறு விண்கப்பலை நொறுக்கினார்கள்.

மறுநாள் செல்வம்மாள் முந்திக்கொண்டு இடம் கொடுத்தாள். ஜவ்வர்கள் அறுநூறு கப்பலை நொறுக்கினார்கள்.

இரண்டு வாரத்தில் பஸ் இரண்டு நாடாகப் பிரிந்தது. யார் சீட்டோ அவர்களுக்கு வெற்றி என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை, எல்லாரும் கடைப்பிடித்தார்கள். ஒரு திங்கட்கிழமை செல்வம்மாள் சன்னல் சீட்டோடு, முதுகுக்குத் தன் ஸ்வெட்டரையும் மடித்து வைத்தாள். காற்று சிலுசிலுவென்று வந்தது. அந்தச் சுகத்தில் ஜவ்வர்கள் கொடுக்கர்களின் நாற்பதாயிரம் முட்டையைக் கொளுத்திவிட்டார்கள். செல்வம்மாள் கட்சி விசிலடித்தது. சாந்தம்மா அன்றைக்குக் கேன்டீன் பொங்கலைத் தொடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை தமிழ்செல்வி கேட்டாள். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயசு, அவளும் மூக்கண்டப்பள்ளி ஸ்டாப். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"யக்கா, அந்த முட்டைய எதுக்கு எரிச்சாக?"

"சண்டன்னா அப்பிடித்தான்டி. இவங்க எரிக்கலன்னா அவங்க எரிச்சிருப்பாங்க."

"வெள்ளிக்கிழம நீங்கதான சொன்னீக, முட்டையத் தொடமாட்டேன்னு ஜவ்வர் ராசா சத்தியம் பண்ணாருன்னு? திங்கக்கிழம உங்களுக்கு சன்னல் சீட்டு கெடச்சுச்சு. முட்ட வெந்துபோச்சு."

"அடிப் போடி! கதையில வெந்த முட்ட, ஒரு ஆம்லேட்டுக்கு ஆவுமா?"

பஸ்ஸே சிரித்தது. தமிழ்செல்வியும் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "நான் நிக்கிறவ. எனக்குக் கட்சி இல்ல. அதான் முட்ட மட்டும் நெனப்புல இருக்கு."

அன்றைக்கு முழுக்க சம்பங்கிக்கு ஒயர் முனையில் இருந்த ஒவ்வொரு வெள்ளை மூடியும் முட்டையாகவே தெரிந்தது. நாளைக்குச் சாந்தம்மா சும்மா விடமாட்டாள். பழிக்குப் பழி கேட்பாள். ஐம்பதாயிரமாவது எரித்தாக வேண்டும். சண்டையை நிறுத்திவிட்டால் கதை போச்சு, கதை போனால் சீட்டு போச்சு. ஒரு முழங்காலுக்காக இரண்டு கிரகத்தையும் எவ்வளவு நாள் எரிப்பது? 'ராஜாக்களுக்கும் எங்கேயோ ஒரு முழங்கால் வலிக்கும்போல' என்று நினைத்துக்கொண்டாள். தனக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றும் போனது.

புதன்கிழமை பஸ் ஏறினாள். இரண்டு சீட்டு காலியாக இருந்தது. சாந்தம்மாவும் எழுந்து நின்றாள், செல்வம்மாளும் எழுந்து நின்றாள்.

"இங்க வாக்கா. இன்னிக்கு அம்பதாயிரம்" என்றாள் சாந்தம்மா.

சம்பங்கி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தாள். "நின்னுக்கினே சொல்றேன். சண்ட முடிஞ்சிருச்சு."

டிரைவர் பாஸ்கரன் ரேடியோவை அணைத்தார்.

"நெலாவுல ஒரே ஒரு குழி முட்டதான் மிச்சம். ஓட்டு முட்டையும் ஜவ்வு முட்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சா ரெண்டும் செத்துரும். அதனால ரெண்டு கூட்டமும் ஒண்ணாக் காவல் இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவ்ளோதான்."

தமிழ்செல்வி கைதட்டினாள். அது ஒற்றைக் கைதட்டலாகவே நின்றது.

"எரிஞ்ச நாப்பதாயிரத்துக்கு யாரு பதிலு?" என்றாள் சாந்தம்மா.

"மொதல்ல கப்பல நொறுக்குனது யாரு?" என்றாள் செல்வம்மாள்.

"அது கப்பலு! இது முட்ட!"

"கப்பலுக்குள்ள ஆளு இல்லியா?"

"ஆளு சண்டைக்குன்னு வந்தான். முட்ட சண்டைக்கா வந்துச்சு?"

"நெலாவ நடுவுல ஒரு கோடு போட்டுப் பிரிச்சிருக்கலாமே" என்றார் பாஸ்கரன்.

"நீங்க ரோட்டப் பாருங்கண்ணா!" இதை மட்டும் இரண்டு கட்சியும் சேர்ந்து சொன்னது.

"நடந்தது நடந்துபோச்சு, மன்னிச்சு வுட்டுரலாம்" என்றாள் செல்வம்மாள்.

கைதட்டிய தமிழ்செல்வியே திரும்பினாள். "அத முட்டையப் பறிகுடுத்தவுகல்ல சொல்லணும்? எரிச்ச கட்சி சொன்னா ஆச்சா?"

சம்பங்கி இரண்டு கையையும் தூக்கினாள். "அம்மாளுங்களா, ஜவ்வருங்க மேல ஒரு குத்தமும் இல்ல! எரிச்சது நான்தான். சீட்டுக்காக எரிச்சேன். திட்டறதா இருந்தா என்னயத் திட்டுங்க!"

"நீ சும்மா இருக்கா!" என்று சாந்தம்மா அதட்டினாள். "ராசா சம்மதிக்காம நீ எப்பிடி எரிப்ப?"

"எங்க ராசாவ இழுக்காத!"

"இழுப்பேன்! காதால திங்கறவனுக்கு சத்தியம் ஒரு கேடா?"

டோல்கேட் வந்துவிட்டது. பின்னால் நாற்பது லாரி ஹாரன் அடித்தது, யார் காதிலும் விழவில்லை. பஸ்ஸில் அத்தனை சீட்டும் காலி. ஒருத்தி பாக்கியில்லாமல் எழுந்து நின்று, இரண்டு கையையும் ஆறு கை மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள்.